பொன்கொரண்டி: வேர் கேட்டு வருபவர்களுக்கும் மற்றவர்களுக்கும்

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் பாதையில், மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் வீட்டுப் பின்கட்டில் சின்னதாக ஒரு நாற்றங்கால் போட்டேன். வீரை, குருந்து, உசிலை, இலுப்பை என்று எல்லாம் நாட்டுக் கன்றுகள். சுவரோரமாகக் கொஞ்சம் பொன்கொரண்டிக் கன்றுகளும் நிற்கின்றன. இப்போது வாசலில் செருப்பைக் கழற்றுகிற பத்துப் பேரில் பாதிப் பேர் அந்தப் பொன்கொரண்டியைத் தேடித்தான் வருகிறார்கள். ஆனால் கன்று கேட்பதில்லை. "சர்க்கரைக்கு நல்லதாமே சார், ஒரு பிடி வேர் கிடைக்குமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

திண்ணையில் உட்கார்ந்து ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் எழுதி வைக்கிறேன். வேர் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் கீழே வரும்.

இது கொடியா, செடியா, மரமா?

நிற்கிற இடத்தைப் பொறுத்தது. வெட்டவெளிக் குறுங்காட்டில் நின்றால் இடுப்பளவு, நெஞ்சளவுப் புதராகவே இருந்துவிடும். பக்கத்தில் ஒரு வீரையோ உலக்கைப்பாலையோ இருந்தால் அதன்மேல் சாய்ந்து, கிளைக்குள் கிளையை நுழைத்து, உச்சிவரை போய்விடும். வயதான செடியின் அடித்தண்டு கை மொத்தத்துக்கு மரமாக இறுகியிருக்கும். தாவரவியல்காரர்கள் இந்த மாதிரியை ஏறு புதர் என்கிறார்கள்.

ஏறுவதற்கு இதனிடம் தனிக் கருவி எதுவும் இல்லை. பிரண்டைக்குப் பற்றுக்கம்பி உண்டு, சூரைக்குக் கொக்கி முள் உண்டு. இதற்கு இரண்டும் கிடையாது. சும்மா சாய்ந்தே காலத்தை ஓட்டுகிற சாதி. அதனால்தான் தாங்கி நிற்கிற மரத்தை வெட்டினால் இதுவும் சேர்ந்து விழுந்துவிடுகிறது.

சலேசியா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. முன்பு தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள், இப்போது வாலுளுவையின் குடும்பத்தோடு சேர்த்துவிட்டார்கள். சித்த வைத்தியத்தில் பழகியவர்களுக்கு வாலுளுவை தெரிந்திருக்கும். அதுவும் ஏறுகிற கொடிதான். உலகத்தின் வெப்ப நாடுகள் முழுக்கச் சலேசியாவுக்கு அண்ணன் தம்பிகள் உண்டு.

காட்டில் பார்த்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இலையை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். நானே இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன். எதிரெதிராக அமைந்த, தோல் போலத் தடித்த, மேல்பக்கம் பளபளக்கிற நீள்வட்ட இலை. ஓரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் மிகச் சிறிய பல் வரிசை தெரியும். ஆனால் எங்கள் பக்கத்துக் காட்டில் பாதி மரங்களுக்கு இப்படித்தான் தடித்த பளபளப்பு இலை. ஆறேழு மாத வெயிலைத் தாங்க வேண்டுமே.

பூதான் காட்டிக்கொடுக்கும். இலைக்கக்கத்தில் மரு போன்ற ஒரு சின்னப் புடைப்பு இருக்கும். அதிலிருந்து கொத்தாகச் சிறிய பூக்கள், பச்சை கலந்த மஞ்சள் நிறம். அழகு என்று சொல்ல முடியாது, தள்ளி நின்றால் கண்ணில்கூடப் படாது. கைக்கண்ணாடி வைத்து எண்ணுங்கள்: இதழ் ஐந்து, மகரந்தத்தாள் மூன்றே மூன்று. ஐந்து இதழ் வைத்த பூவுக்கு ஐந்தோ பத்தோ தாள் இருப்பதுதான் நாம் பார்த்துப் பழகியது. இங்கே நடுவில் ஒரு சதைப்பற்றான வட்டம், அதன்மேல் மூன்று தாள். இந்த ஐந்துக்கு மூன்று கணக்கைப் பார்த்துவிட்டால் சலேசியா பக்கம் வந்துவிட்டீர்கள்.

பழக்காலத்தில் வேலை இன்னும் சுலபம். நெல்லிக்காயைவிடச் சிறியது, சுண்டைக்காயைவிடப் பெரியது. பழுத்தால் ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறம். உள்ளே வழவழப்பான சதை, பெரும்பாலும் ஒரே ஒரு விதை. நான் சொல்வது எங்கள் பக்கக் காட்டுக்குரிய சலேசியா சைனென்சிஸ். மேற்குத்தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள சலேசியா ஆப்லாங்காவின் பழம் இதைவிடப் பெரிது, விதையும் அதிகம்.

வேரைத் தோண்டிப் பார்த்து உறுதி செய்யலாமே என்று ஒருவர் கேட்டார். அந்த யோசனைக்கு மட்டும் நான் பதில் சொல்வதில்லை.

பொன்கொரண்டி, கடலழிஞ்சில், ஏகநாயகம், சப்தரங்கி... எல்லாம் ஒன்றுதானா?

இங்கேதான் பெரிய குழப்பம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சலேசியாவில் நம் தென்னாட்டு வைத்தியத்துக்கு வேண்டியவை முக்கியமாக மூன்று இனங்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உள்ள சலேசியா ரெட்டிகுலேட்டா, மலைக்காட்டு ஆப்லாங்கா, அப்புறம் எங்கள் பக்கத்துச் சைனென்சிஸ். பொன்கொரண்டி என்ற பெயர் மூன்றுக்கும் புழங்குகிறது. கடலழிஞ்சில் என்று சித்த வைத்தியத்தில் சொல்வது பொதுவாக ரெட்டிகுலேட்டாவை. மலையாளத்தில் ஏகநாயகம். வடமொழி வழியாக வந்த பெயர்கள் சப்தரங்கியும் சப்தசக்கரமும். வேரைக் குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாகத் தெரிவதால் அந்தச் சக்கரம். இந்த வளையங்களை எண்ணி வயது சொல்லக் கூடாது. தேக்கில் வருகிற ஆண்டு வளையம் வேறு, இது வேறு. மரத்திசுவுக்கு நடுவே உணவு கடத்தும் திசு சுற்றுச் சுற்றாகச் சிக்கிக்கொள்வதால் வருகிறது. முறுக்கினாலும் உடையாமல் இருப்பதற்கு ஏறுகொடிகள் பலவும் தண்டையும் வேரையும் இப்படி விசித்திரமாகக் கட்டிக்கொள்கின்றன.

பொன் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேர்ப்பட்டையின் மஞ்சள் கலந்த காவி நிறமே காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

கடலழிஞ்சில் என்றதும் எங்கள் ஊர்க்காரர்கள் உடனே கேட்பது, "வைரவன்பட்டிக் கோவில் அழிஞ்சில்தானே அது?" நகரத்தார் ஒன்பது கோவில்களில் ஒன்றான வைரவன்பட்டியில் தலமரம் ஏறழிஞ்சில். அது அலாஞ்சியம் என்ற வேறு குடும்பத்து மரம், இதற்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவே இல்லை. ஒருத்தர் அந்த அழிஞ்சில் பட்டையைச் சர்க்கரை மருந்து என்று நினைத்துக் கஷாயம் வைக்க இருந்தார். நல்லவேளை, கேட்டுவிட்டு வைக்கலாம் என்று இந்தப் பக்கம் வந்தார். பெயர் ஒன்று என்பதற்காகச் செடியும் ஒன்று என்று எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. 1771ல் லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்கு வைத்த சலேசியா என்ற பெயர் ரோமானியர்களின் கடல் தேவதையுடையது, நெப்டியூனின் மனைவி. நம் ஆட்கள் வைத்த பெயரிலும் கடல் இருக்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று வைத்ததில்லை, தற்செயல்தான். ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இன்னொரு விஷயம். இவ்வளவு பெயர் இருந்தும் எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிற அப்பத்தாவுக்கு ஒரு பெயரும் தெரியாது. படத்தைக் காட்டினேன். "இதுவா? சின்னப் புள்ளையில பறிச்சுத் தின்போம். பேரெல்லாம் என்னத்தக் கண்டோம்" என்றார். பெயர் பாக்கெட்டின் மேல் அச்சடித்திருக்கிறது, செடி நிற்கிற ஊரின் வாயில் இல்லை.

செட்டிநாடு பொட்டல் பூமியாயிற்றே, இங்கே எப்படி இது?

இன்று பார்க்கிற பொட்டலை வைத்து அப்படித் தோன்றுகிறது. செம்புறாங்கல் தரை, கண்மாய், சீமைக்கருவேலம், வரிசையாகத் தைலமரம். ஆனால் இந்த மண்ணின் பழைய உடை வேறு.

சோழமண்டலக் கரையை ஒட்டி உள்நாடுவரை வறண்ட பசுமைமாறாக் காடு என்று ஒரு வகை உண்டு. இந்தியக் காடுகளை வகைப்படுத்திச் சாம்பியனும் சேத்தும் 1968ல் வெளியிட்ட நூலில் இதற்குத் தனி இடம் இருக்கிறது. பெயரே முரணாகத் தோன்றும். வறண்டதென்றால் இலை உதிர வேண்டுமே? மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும், பிறகு நீண்ட வெயில். அப்படியும் இந்தக் காடு மொட்டையாவதில்லை. மரங்கள் உயரமில்லை, ஆனால் நெருக்கம். வீரை, உலக்கைப்பாலை, காயா, குருந்து, எட்டி, நடுநடுவே ஏகப்பட்ட ஏறுகொடிகள். அந்தக் கொடிகளின் கூட்டத்தில் சலேசியா சைனென்சிஸும் ஒன்று.

இந்தக் காடு இன்று முழுசாக எங்கும் இல்லை, துண்டு துண்டாகத்தான் மிச்சம். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் மிச்சமிருக்கும் நல்ல துண்டுகளில் பல அய்யனார் காவலில் இருக்கின்றன. மண்குதிரை நிற்கிற இடத்துக்குப் பின்னால் திடீரென்று இருட்டாக ஒரு காடு தெரிகிறதே, அதுதான். சாமி காட்டில் குச்சி ஒடிக்கக் கூடாது, காய்ந்த விறகைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற கட்டு. சில காடுகளுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. காட்டுக்குள் போகிற ஆளைத் தயங்க வைக்க அதுவே போதும்.

சரி, எந்தக் கோவில்காட்டில் இருக்கிறது? ஊர் பெயர் சொல்லுங்களேன்.

மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இது அவ்வளவு அரிதா? ஆன்லைனில் கிலோ கணக்கில் விற்கிறார்களே?

சரியான கேள்வி, பலருக்குத் தோன்றுவதில்லை. சைனென்சிஸை மட்டும் எடுத்துக்கொண்டால், உலகக் கணக்கில் அரிதே இல்லை. இந்தியாவிலிருந்து சீனா, தென்கிழக்கு ஆசியா தாண்டியும் பரவியிருக்கிறது. அதை அழிவின் விளிம்பில் நிற்கிற செடி என்று நான் சொன்னால் பொய். ரெட்டிகுலேட்டாவும் ஆப்லாங்காவும் அப்படியில்லை. பரப்பும் குறைவு, வேருக்காகத் தோண்டுவதும் அதிகம். தென்னிந்திய மருந்துச் செடிகளை மதிப்பிட்டவர்கள் அவற்றை அச்சுறுத்தலுக்குள்ளான பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் எங்கள் ஊர்ச் செடியைப் பற்றி எதற்கு இத்தனை கவலை? இரண்டு காரணம். ஒன்று, அது வாழ்கிற காடே இங்கே துண்டுகளாகிவிட்டது. ஒரு துண்டில் நாலைந்து செடி, அடுத்த துண்டுக்கு நடுவில் பல கிலோமீட்டர் தைலமரமும் வயலும். ஒரு துண்டில் செத்தால் பக்கத்திலிருந்து விதை வந்து முளைக்க வழியில்லை. உலகத்தில் எங்கோ நிறைய இருப்பது இந்தத் துண்டுக்கு உதவாது. இரண்டாவது, கடையில் வேரைப் பொடித்துவிட்டால் எந்த இனம் என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. மலையில் தோண்டிக் கிடைக்காதபோது சமவெளியில் தோண்டுவார்கள். ஒரே பெயர், ஒரே பாக்கெட்.

கிலோ கணக்கில் விற்பதால் நிறைய இருக்கிறது என்று அர்த்தமாகாது. தோண்டுகிற ஆள் நிறைய இருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

சர்க்கரைக்கு உண்மையிலேயே வேலை செய்யுமா?

செய்யும் தன்மை இருக்கிறது. இதை மறைத்து, எல்லாம் கட்டுக்கதை என்று சொல்லிச் செடியைக் காப்பாற்றப் பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை.

நாம் சாப்பிடுகிற சோறு, இட்லியின் மாவுச்சத்தைச் சிறுகுடலில் சில நொதிகள் வெட்டிச் சர்க்கரையாக்குகின்றன. அப்புறம்தான் அது ரத்தத்தில் ஏறும். சலேசியாவில் உள்ள ஒரு பொருள் அந்த நொதியின் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெட்டுகிற வேலை தாமதமாகும், சர்க்கரை மெதுவாக ஏறும். ஜப்பானில் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தில் யோஷிகாவாவின் குழு 1997ல் ரெட்டிகுலேட்டாவிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்து சலாசினால் என்று பெயர் வைத்தது. கந்தகம் சேர்ந்த சர்க்கரை போன்ற ஒரு விநோதமான அமைப்பு அதற்கு. அடுத்த வருஷமே கோட்டலனால் என்று இன்னொன்று. சிங்களத்தில் இந்தச் செடிக்குக் கொத்தல ஹிம்புட்டு என்று பெயர், அதிலிருந்து வந்தது. டாக்டர்கள் எழுதிக்கொடுக்கிற அகார்போஸ் மாத்திரையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. மாமரத்தில் இருக்கிற மாங்கிஃபெரின் என்ற பொருளும் இதில் உண்டு.

ஆக, வைத்தியர்கள் சொன்னதில் பொருள் இருக்கிறது. ஆனால் மூன்று விஷயங்களையும் சேர்த்துக் கேளுங்கள். இது சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கும், நோயைக் குணமாக்காது. ஆய்வுகளில் பலவும் ரெட்டிகுலேட்டா, ஆப்லாங்காவில் நடந்தவை, உங்கள் கையில் உள்ள பொடி எதுவென்று உங்களுக்குத் தெரியாது. சத்தின் அளவு செடிக்குச் செடி மாறும். மாத்திரையில் போல இவ்வளவு மில்லிகிராம் என்று ஒரு பிடி வேரில் எழுதியிருக்காது.

நானும் ஒரு காலத்தில் வாங்கினேன். எனக்கும் சர்க்கரை உண்டு, பதினைந்து வருஷமாக. ஊர்பேர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் பொன்கொரண்டி வேர் என்று அரைக் கிலோ கட்டிக்கொடுத்தார்கள். பிரித்துப் பார்த்தால் வேர் பாதி, தண்டுக் குச்சி பாதி. ஒரு துண்டில் முள் இருந்த தழும்பு. நம் செடிக்கு முள்ளே கிடையாது. சீமைக்கருவேலத்தைக் கஷாயம் வைத்துக் குடிக்கப் பார்த்தேனோ என்று இன்றைக்கும் சந்தேகம்.

யார் தொடவே கூடாது?

கர்ப்பிணிகள். கர்ப்பமான எலிகளுக்கு ரெட்டிகுலேட்டா வேர்ச் சாற்றைக் கொடுத்த ஆய்வு 2003ல் வெளிவந்தது; கருவுக்குக் கெடுதல் தெரிந்தது. ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மற்றவர்களுக்கும் வயிற்று உப்புசம், வாயு, பேதி வரும். செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்குமல்லவா, அதுதான் காரணம்.

இலங்கையில் இந்த மரத்தில் டம்ளர் செய்கிறார்களாமே?

ஆமாம். கொத்தல ஹிம்புட்டுக் கட்டையைக் கடைந்து குவளையாக்கி, ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பது அங்கே பழைய வழக்கம். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். கொண்டுவிற்கக் கொழும்புக்குப் போன குடும்பங்கள் நிறைந்த ஊர் எங்களுடையது. பெரிய வீடுகளில் பர்மாத் தேக்கு இருக்கும், இத்தாலிப் பளிங்கு இருக்கும், பரணில் இந்தக் குவளை ஏதாவது கிடக்காதா என்று நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. கிடைத்தால் சொல்லுங்கள், பார்க்க மட்டும் வருகிறேன்.

குவளை செய்ய மொத்தமான கட்டை வேண்டும். அப்படி மொத்தமாக ஒரு ஏறுகொடி வளரப் பல வருஷம் பிடிக்கும். அங்கேயும் காடு தாங்காமல்தான் இப்போது கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள்.

ஒரு பக்க வேரை மட்டும் எடுத்துவிட்டு மண்ணை மூடினால் பிழைத்துக்கொள்ளாதா?

சில பிழைக்கும். சொல்கிறவர் ஒரு பக்கம்தான் எடுப்பார், அடுத்த வாரம் வருகிறவர் மறுபக்கம் எடுப்பார். அதை யார் கணக்கு வைப்பது?

இது கோடையைத் தாண்டுவதே ஆழத்தில் போகும் வேரால்தான். செம்புறாங்கல் விரிசலுக்குள் நுழைந்து ஈரம் தேடுகிற வேரைக் கடப்பாரை போட்டு நெம்பினால் அடுத்த பங்குனியைப் பார்க்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலையிலும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் தன்மை இருப்பதை ரெட்டிகுலேட்டா இலையை எலிகளுக்குக் கொடுத்துச் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. இலை பறித்தால் செடி சாகாது, மறுபடி துளிர்க்கும். தோட்டத்தில் வளர்த்து இலையை விற்கிற தொழிலாக இது மாறினால் காட்டை விட்டுவிடுவார்கள் என்று எனக்கு ஒரு ஆசை. வேர் என்றால்தான் வீரியம் என்கிற நம்பிக்கை அதற்குக் குறுக்கே நிற்கிறது.

பழத்தைச் சாப்பிடலாமா?

அப்பத்தா சாப்பிட்டிருக்கிறார், நானும் சாப்பிட்டேன். லேசான தித்திப்பு, வாயில் வழவழ என்று ஒட்டும். பறவைகளுக்கு விட்டுவிடுங்கள், விதையைக் கொண்டுபோய்ப் போடுகிற வேலை அவற்றுடையது.

வீட்டில் வளர்க்க முடியுமா?

முடியும். பொறுமை வேண்டும்.

முதல் வருஷம் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். கீழே விழுந்த பழங்களைப் பொறுக்கி, கத்தரி விதைக்குச் செய்கிற மாதிரி வெயிலில் நன்றாகக் காயவைத்து, சாம்பல் புரட்டி, டப்பாவில் போட்டுப் புரட்டாசிவரை பத்திரப்படுத்தினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதைக்குத்தான் ஏதோ கோளாறு என்று மறு வருஷமும் அதையே செய்தேன், வாத்தியார் புத்தி. மூன்றாம் வருஷம் ஒரு பழத்தைப் பிழிந்து சதையைக் கழுவிவிட்டு அன்றைக்கே மண்ணில் வைத்தேன், பொறுமை இல்லாத நாளில் செய்த காரியம். அதுதான் முளைத்தது. காயவிட்டால் உயிர் போய்விடுகிற விதை இது. மா, பலா, நாவல் விதையெல்லாம் அப்படித்தான், எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

அதனால் முறை இதுதான்: பழுத்த பழம், சதை நீக்கம், அதே நாள் விதைப்பு. செம்மண், மணல், இலைமக்கு சம அளவில் கலந்த பை. நிழல்வலை அல்லது மரத்தடி. மேல்மண் காயக் கூடாது, தண்ணீரும் தேங்கக் கூடாது. முளைக்க வாரக்கணக்கில் ஆகும், தினமும் கிளறிப் பார்க்காதீர்கள்.

குச்சி வைத்தும் பார்க்கலாம். ரொம்ப இளசும் இல்லாத, முற்றியதும் இல்லாத குச்சியாக ஒரு சாண் வெட்டி, வேர்விடும் ஹார்மோன் பொடியில் தொட்டு, ஈரப்பதம் குறையாத மூடாக்குக்குள் வைக்க வேண்டும். பாதிக்கு மேல் கருகும். கிளையை வளைத்து மண்ணில் புதைக்கிற பதியன் முறை எனக்குக் கொஞ்சம் கைகொடுத்தது. தாய்ச்செடி வீட்டிலேயே இருந்தால்தான் அது முடியும். குச்சிக்காகக் கோவில்காட்டுக்குக் கத்தியோடு போக வேண்டாம், விதை போதும். விதையில் வந்த கன்றுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது என்பதும் நல்லதுதான், ஒரு நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து போகாது.

தரையில் நடும்போது ஒரு மரத்தின் பக்கத்தில் நடுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஏறுகொடி மரத்தை அமுக்கிக் கொன்றுவிடாதா? வெட்டிவிடுவது நல்லதில்லையா?

கோவில் கமிட்டிக் கூட்டங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். தோட்டத்தில் ஒரு மாமரத்தின் மேல் கொடி முழுசாகப் படர்ந்தால் காய்ப்புக் குறையும், உண்மை. காட்டில் கணக்கு வேறு. கொடியும் மரமும் சேர்ந்துதான் அந்த நிழலைக் கட்டுகின்றன. கொடியை வெட்டினால் மேலே ஓட்டை விழும், வெயில் தரையைத் தொடும், அடுத்த மழைக்குச் சீமைக்கருவேலம் உள்ளே வந்துவிடும். பறவை, மரநாய் போன்றவற்றுக்கு ஏறுகொடிப் பழங்களும் சாப்பாடு.

சிங்கம்புணரிப் பக்கம் பிரான்மலை இருக்கிறது, பாரியின் பறம்பு அதுதான் என்பார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்தவன் கதையைப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் நடத்தினேன். அந்த மலையைப் பார்த்துக்கொண்டே கொடியை வெட்டுகிறவர்களிடம் வேறு என்ன பேசுவது என்று சில சமயம் எனக்குத் தெரிவதில்லை.

உண்மையான ஆபத்து எங்கிருந்து வருகிறது? வேர் தோண்டுகிறவர்களிடமிருந்தா?

எங்கள் பக்கத்தைப் பொறுத்தவரை அவர்களைவிடத் திருப்பணிக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

பெயர் சொல்லாமல் ஒன்று சொல்கிறேன். பக்கத்து ஊர் ஒன்றில் அய்யனார் கோவிலைச் சுற்றி இரண்டு ஏக்கருக்குக் காடு. உச்சிவேளையில்கூட உள்ளே குளிரும். வெளியூரில் சம்பாதிக்கிற பிள்ளைகள் சேர்ந்து நல்ல மனசோடு பணம் அனுப்பினார்கள். கும்பாபிஷேகத்துக்கு ஜேசிபி வந்தது. வண்டி திரும்ப இடம், பொங்கல் வைக்க இடம், சமையல் கொட்டகை, காம்பவுண்டு சுவர், தரைக்கு டைல்ஸ். நான் பார்த்துவைத்திருந்த பழைய பொன்கொரண்டி இரண்டும் அந்தக் கொட்டகை இடத்தில்தான் நின்றன. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. புதரைச் சுத்தம் பண்ணியிருக்கிறோம் என்று சந்தோஷமாகக் காட்டினார்கள். இப்போது அங்கே சாமிக்கு மேலே தகரக் கூரை, பகலில் உள்ளே நிற்க முடியவில்லை.

எங்கள் பகுதியில் பணம் வெளியிலிருந்துதான் வருகிறது. அந்தக் காலத்தில் ரங்கூன், கொழும்பு, பினாங்கு. இப்போது சிங்கப்பூர், துபாய், சென்னை. காட்டை அழிப்பதும் அந்தப் பணம்தான், காப்பாற்றக்கூடியதும் அதுதான். பணம் அனுப்புகிறவர் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் கமிட்டி கேட்கும்: "கட்டடம் எவ்வளவு வேண்டுமானாலும் நல்லா கட்டுங்க, மரத்தையும் கொடியையும் தொடக் கூடாது." வாத்தியார் சொன்னால் கேட்காதவர்கள் நன்கொடையாளர் சொன்னால் கேட்கிறார்கள். நான் மனத்தாங்கலாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

ஊர்க்கட்டுப்பாடு வேலை செய்யாது என்று நினைப்பவர்கள் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி போய்ப் பார்க்கலாம். 1977ல் பறவைகள் சரணாலயமான இடம். கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் பயந்துவிடும் என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளை வெடி வெடிக்காமல் தீபாவளி கொண்டாட வைத்த ஊருக்கு முன்னால், கொடியை வெட்டாமல் திருவிழா கொண்டாடுவது பெரிய காரியமா?

சட்டப் பாதுகாப்பு ஏதாவது உண்டா?

காப்புக்காட்டுக்குள் தோண்டினால் வனத்துறை பிடிக்கும். கோவில்காடுகளில் பல அறநிலையத் துறை நிலமாகவோ புறம்போக்காகவோ இருக்கின்றன, அங்கே காவல் ஊர்தான். ஆனால் 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. சிறப்பான இடங்களைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று மாநில அரசு அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் முதலில் 2022ல் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை அறிவித்தார்கள். 2025ல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோவில் காட்டை அறிவித்தார்கள், அதன் பரப்பு 4.97 ஹெக்டேர். ஐந்து ஹெக்டேர்கூட இல்லாத கோவில்காட்டுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். நம்முடையது சின்னக் காடு, இதற்கெல்லாம் யார் வருவார்கள் என்று இனி சொல்ல முடியாது. முதல்படியாக உங்கள் ஊராட்சியின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் காட்டின் பெயரும் அதில் உள்ள செடிகளும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று போய்க் கேளுங்கள்.

ஒரு செடியைப் பார்த்துவிட்டேன் என்று நினைக்கிறேன். என்ன செய்யட்டும்?

இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பூ அல்லது பழம், முழுச் செடி என்று நாலு படம் எடுங்கள். பூவைக் கிட்டத்தில் எடுத்தால் மகரந்தத்தாளை எண்ணலாம். படத்தோடு இடம் காட்டும் லொகேஷனைப் பொதுக் குழுக்களில் போடாதீர்கள், தோண்டுகிறவர்களும் அதே குழுக்களில்தான் இருக்கிறார்கள். அருகில் தாவரவியல் துறை உள்ள கல்லூரியில் காட்டுங்கள். அப்புறம் அது எந்த மரத்தின் மேல் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்த மரத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்த மரத்தை வெட்டப் பேச்சு வந்தால் நீங்கள் வாய் திறக்க வேண்டியிருக்கும்.

உங்களிடம் கன்று வாங்க வரலாமா?

வரலாம். ஐப்பசி முதல் மழை விழுந்த பிறகு வாருங்கள், ஆளுக்கு இரண்டு கன்று, காசு வேண்டாம். நடப்போகிற இடத்தில் என்ன மரம் இருக்கிறது என்று கேட்பேன், பதில் வைத்துக்கொண்டு வாருங்கள்.